படையலில் தேயோவின் படம்

சான்டா ரீட்டாவில் அம்பாரோ லெடெஸ்மாவைத் தெரியாத குழந்தை கிடையாது. தெரியாத பெரியவர்கள் சிலர் உண்டு. நூலகத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஆட்கள் அவர்கள், அவர்களை விடுங்கள். தீயணைப்பு நிலையத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் கிளை நூலகத்தில் அவள் இருபத்தாறு வருஷமாக உதவியாளர், பிள்ளைகளுக்கு 'தோன்யா', பெரியம்மா என்பதுபோல ஒரு மரியாதைச் சொல். இதற்குள் ஐந்து தலைமை நூலகர்கள் வந்து போய்விட்டார்கள். ஒவ்வொருவரும் வந்த கையோடு கதை நேரத்தை மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு மாதத்தில் கூட்டம் குறையும். "நீங்களே பாத்துக்கங்க அம்பாரோ" என்று ஒதுங்கிவிடுவார்கள். சனிக்கிழமை பதினோரு மணிக்குக் காலுறையில் செய்த பொம்மைகளோடு அவள் உட்கார்ந்தால், திராட்சைத் தோட்டத்துக்கும் பாதாம் தோப்புக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அறுபது பேராவது எதிரே தரையில் இருப்பார்கள். ஸ்பானிஷில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி வாசிப்பாள். நடுவில் பாட்டு, கத்தரிக்கோல், வண்ணத்தாள், பசை. அந்தப் பசைக்காகத் துப்புரவு பார்க்கும் சாயோ வாராவாரம் சண்டைக்கு வருவாள்.

"கம்பளத்துல ஒட்டினத சொரண்டறது யாரு? உன் பொம்மையா?"

"நீ பிள்ளை பெத்திருந்தா தெரியும்டி பசையோட அருமை."

"இவ மட்டும் பத்து பெத்துப் போட்டாளாக்கும்!"

இரண்டு பேருக்குமே பிள்ளை இல்லை. அதனால் அந்தப் பேச்சில் கோபம் கிடையாது.

அம்பாரோவுக்கு ஒரு காலத்தில் சத்தமாக வாசிக்க வராது என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்று வாசித்தபோது வகுப்பே சிரித்தது, அதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. முப்பது வயது வரை அப்படியே கிடந்தது. அவள் புருஷன் ஃபெர்மின் தக்காளி லாரி ஓட்டியவன், ஒரு ஜனவரி மூடுபனியில் போய்ச் சேர்ந்தான். அந்த வருஷம் நவம்பரில், செத்தவர்கள் வீடு தேடி வருகிற நாளில், அவன் படத்தை வைத்து, செண்டுமல்லி தூவி, அவனுக்குப் பிடித்த மிளகாய்க் குழம்பும் ரொட்டியும் படைத்துவிட்டு, வேறென்ன செய்வதென்று தெரியாமல் செய்தித்தாளில் பேஸ்பால் பக்கத்தை எடுத்து அவனுக்கு வாசித்துக் காட்டினாள். தடுமாறினாள். படம் சிரிக்கவில்லை. மூன்று பத்தி முடிவதற்குள் நாக்கு இளகிவிட்டது.

அதையே அவள் நூலகத்துக்குக் கொண்டுவந்தாள். அக்டோபர் கடைசியில் வாசலுக்கு எதிரே மூன்று படி வைத்துப் படையல் மேசை, மேலே பிள்ளைகள் வெட்டிய தாள் தோரணம். பிள்ளைகள் தங்கள் வீட்டில் இறந்துபோனவர் ஒருவரின் படத்தைக் கொண்டுவருவார்கள். நீளமான தாளை எட்டாக மடித்து, வரைந்து, எழுதி, அட்டை ஒட்டி அவருக்கென்று ஒரு புத்தகம் செய்வார்கள். படையல் அன்று அந்தப் படத்துக்கு முன்னால் நின்று வாசித்துக் காட்டுவார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூடச் செத்துப்போன மாமாவுக்கு, செத்துப்போன நாய்க்குக் கடகடவென்று வாசித்தார்கள். நடுவில் நிறுத்தித் திருத்த அங்கே ஆள் இல்லை. தீயணைப்பு நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் மெழுகுவத்தி கூடாது, பேட்டரி விளக்குதான். "செத்தவங்க ஸ்விட்ச தேடிட்டு நிக்கப் போறாங்க" என்று சாயோ வருஷா வருஷம் சொல்வாள், அம்பாரோவும் வருஷா வருஷம் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பாள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. படத்தோடு வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டு வர வேண்டும். பெயர், உறவு, இறந்த வருஷம், பெரியவர் கையெழுத்து. இது எதற்கு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். உயிரோடிருப்பவர் படத்தைப் படையலில் வைப்பதும் அவருக்குக் குழி வெட்டுவதும் ஒன்று. குடும்பப் படத்தில் ஓரமாக நிற்கும் சித்தப்பா உயிரோடு இருந்தால், அவர் நிற்கிற பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டுத்தான் படத்தை வைப்பார்கள்.

யாரேலிக்கு அப்போது எட்டு வயது. பள்ளி விட்டதும் நூலகத்துக்கு வந்துவிடுவாள். அம்மா நோயெமி திராட்சை பேக்கிங் ஷெட்டில் வேலை முடித்து வரும்வரை ஜன்னலோர மேசையில் இருப்பாள். இரண்டு வருஷமாக வந்தும் அவள் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகுவாள். அடுத்த வகுப்புக்கு அனுப்பாமல் அதே வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பள்ளியில் பேச்சு அடிபட்டது. அந்த அக்டோபரில் ஒருநாள் அவளாகவே அம்பாரோவிடம் வந்து ஒரு படத்தை நீட்டினாள். தொப்பி போட்ட ஓர் ஆள், வெள்ளிப் பல் தெரியச் சிரிக்கிறான், தோளில் ஒரு குழந்தை.

"யாரு கண்ணு இது?"

"எங்க அப்பா. தேயோ."

அம்பாரோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேயோ கதை ஊருக்கே தெரியும். தாய் சாவுக்கு எல்லை தாண்டிச் சொந்த ஊர் ஒஹாக்காவுக்குப் போனவன். திரும்பும்போது உள்ளே வரக் காகிதம் இல்லாததால் பாலைவனத்தை நடந்தே கடக்கக் கிளம்பினான். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு போன் வந்தது, அவ்வளவுதான். பதினாலு மாதம் ஆகிவிட்டது. அப்பா போன் இல்லாத இடத்தில் வேலை செய்கிறார் என்று நோயெமி மகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

"அப்பா வேலைக்குல்ல போயிருக்காரு? அம்மா அப்படித்தானே சொன்னாங்க?"

யாரேலி இல்லையென்று தலையாட்டினாள். "அம்மா பாத்ரூமுக்குள்ள போய் போன் பேசும். என்ன சட்டை, என்ன பெல்ட்டு, எந்தப் பக்கம் வெள்ளிப் பல்லுன்னு அவங்க கேப்பாங்க போல. அம்மா சொல்லும். அடுத்த தடவ வேற ஆளு, மறுபடியும் அதையே சொல்லும்." சட்டைப் பொத்தானைத் திருகினாள். "உசுரோட இருக்கறவங்க பல்ல பத்தி யாரும் கேக்க மாட்டாங்க, தோன்யா அம்பாரோ."

இரண்டு வருஷத்தில் அந்தக் குழந்தை இவ்வளவு பேசியது அன்றுதான்.

"வீட்டுச் சீட்டு கொண்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள் அம்பாரோ. மறுநாள் சீட்டு வந்தது. பென்சிலில், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் நோயெமி என்று உருண்டை உருண்டையாக எட்டு வயது எழுத்து. அம்பாரோ பார்த்தாள், கோப்பில் வைத்தாள். கவனிக்கவில்லை என்று பின்னால் அவள் சாதிக்கவில்லை, அந்த மட்டுக்கும் சரி. நோயெமியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் படம் வராது, படம் வராவிட்டால் இந்தக் குழந்தை வாயைத் திறக்காது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் உண்மையைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு வந்து நிற்கிறதே, இதை எந்த மனசோடு திருப்பி அனுப்புவது? இப்படியெல்லாம் யோசித்தாள். இது திராட்சை சீசன், படையல் அன்று நோயெமி வரமாட்டாள் என்பதையும் சேர்த்து யோசித்தாள். அந்தக் கடைசி யோசனையைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நவம்பர் முதல் தேதி சாயங்காலம் நூலகத்தில் நிற்க இடமில்லை. சோள இலையில் சுற்றி அவித்த தமாலே மணமும் செண்டுமல்லி வாசனையும் கலந்து அடித்தது. ஒன்பதாவதாக யாரேலியின் முறை வந்தது. படத்துக்கு முன்னால் நின்றாள். தாளை விரித்தாள்.

"அப்பா, எனக்கு ரெண்டு பல்லு விழுந்துடுச்சு. ஒண்ண தலகாணிக்கு அடியில வச்சேன், எலி எடுத்துட்டுப் போச்சு. ஒண்ண உனக்காக வச்சிருக்கேன்."

கணீரென்ற குரல். கூட்டம் சிரித்தது, நல்ல சிரிப்பு. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த மடிப்புக்குப் போனாள்.

"பக்கத்து வீட்டு நாய் அஞ்சு குட்டி போட்டுச்சு. அம்மா ஒண்ணுகூட வேணாம்னுடுச்சு. உன் நீலச் சட்டைய அம்மா தோய்க்கவே மாட்டேங்குது. அத போட்டுக்கிட்டுத்தான் தூங்குது. இப்ப உன் தோள்ல நான் ஏறினா உனக்குக் கழுத்து வலிக்கும்."

ஷெட்டில் மின்சாரம் போய்விட்டதால் அன்று எல்லோரையும் சீக்கிரம் அனுப்பியிருந்தார்கள். நோயெமி அந்த நேரத்தில்தான் உள்ளே வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்றவளுக்கு மேசை தெரியவில்லை, மகள் குரல் மட்டும் கேட்டது. மகள் வாசிக்கிறாள்! அவள் முகத்தில் வந்த சிரிப்பைச் சாயோ பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஆளை இடித்து, "எம் பொண்ணு" என்றாளாம். பிறகு முன்னால் நின்றவர்கள் நல்ல மனசோடு அவளுக்கு வழிவிட்டார்கள்.

"அப்பா, பாலைவனத்துல ராத்திரி குளிருமாமே. சுவெட்டர் எடுத்துட்டுப் போனியா?"

அது ஐந்தாவது மடிப்பு. மிச்சம் மூன்றை யாரும் கேட்கவில்லை. நோயெமி பாய்ந்து படத்தைப் பறித்ததில் பேட்டரி விளக்குகள் உருண்டன, ரொட்டித் தட்டு விழுந்தது.

"யாரு சொன்னது? எம் புருஷன் செத்துட்டாருன்னு உங்ககிட்ட யாரு வந்து சொன்னது?"

"நோயெமி, கொஞ்சம் வெளிய வா, பேசலாம்..."

"என்ன பேசறது? உங்க புருஷன நீங்க பொதைச்சீங்க. போய்ப் பூ வைக்க உங்களுக்குக் கல்லறை இருக்கு. எனக்கு என்ன இருக்கு? ஒரு போனு, ஒரு வாசக்கதவு. செத்தவங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சு வரத்தான் இந்தப் பூவப் போடறோம். எம் புருஷனுக்கும் போட்டுட்டீங்களே! இந்த வாசனையப் புடிச்சு அவரு வந்துட்டா அப்புறம் நான் யாருக்குக் கதவத் தொறக்கறது?"

யாரேலி மடிப்புத் தாளை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா கையைப் பிடித்து இழுத்தபோது கூடவே போனாள்.

மூன்று நாள் கழித்து அம்பாரோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு பாத்திரம் சூப். வெறுங்கையோடு மன்னிப்பு கேட்க எங்கள் ஊரில் யாரும் போவதில்லை. நோயெமி பாத்திரத்தை வாங்கவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

"என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம் தோன்யா. அவகிட்ட சொல்லுங்க. அப்பா இருக்காருன்னு மூணு நாளா தொண்டத்தண்ணி வத்தச் சொல்றேன், எம் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குறா. நீங்க சொன்னா நம்புவா. நீங்க செஞ்சத நீங்களே சரி பண்ணுங்க."

அம்பாரோ அங்கேயே திரும்பி வந்திருக்கலாம். எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன் அம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டத்துக்கு நடுவே வாங்கிய அந்த வார்த்தைகள் அவளுக்குள் மூன்று நாளாக வெந்துகொண்டிருந்தன. எப்படியாவது இதிலிருந்து கழன்றால் போதும் என்று இருந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு எதிரே முழங்காலிட்டாள்.

"கண்ணு, நான் தப்பு பண்ணிட்டேன். உங்க அப்பா இருக்காரு."

"பல்லு?" என்றாள் யாரேலி.

"அது... யார தேடினாலும் அப்படித்தான் கேப்பாங்க. அடையாளத்துக்கு. வேற ஒண்ணுமில்ல."

"நெஜமாவா? வருவாரா?"

"வருவாரு. நீ நல்லா வாசிக்கக் கத்துக்கிட்டு இரு. வந்ததும் அவருக்கே வாசிச்சுக் காட்டலாம்."

குழந்தை அவளை நெடுநேரம் பார்த்தது. பிறகு சிரித்தது. விழுந்த பல் இடைவெளி தெரியச் சிரித்தது. சுவரோரம் நின்ற நோயெமி முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், சூப்பையும் வாங்கிக்கொண்டாள். அம்பாரோ வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

அந்த வருஷம் யாரேலி வாசித்த வாசிப்பை நூலகம் அதற்கு முன் கண்டதில்லை. சனிக்கிழமை முதல் ஆளாக வருவாள். அம்பாரோ ஸ்பானிஷ் பக்கத்தை வாசித்தால் ஆங்கிலப் பக்கத்தை அவள் பிடுங்கிக்கொள்வாள். அதே வகுப்பில் போடுகிற பேச்சு பள்ளியில் அடங்கிப்போனது. ஏப்ரல் கடைசியில் குழந்தைகள் நாளுக்கு வண்டி நிறுத்தும் இடத்தில் மேடை போட்டு, பள்ளிப் பிள்ளைகள் டிரம்பெட் ஊத, காகிதக் கிரீடத்தோடு மேடையேறி முதல் கதையை வாசித்தது அவள்தான். எல்லாம் சரிதான். ஆனால் வாசிக்க வரும்போதெல்லாம் முன்வரிசையில் ஒரு நாற்காலியில் தன் பள்ளிப் பையை வைத்து இடம் பிடித்து வைப்பாள். யாராவது உட்காரப் போனால், "எங்க அப்பாவுக்கு" என்பாள். கதை நேரம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போவாள், முகத்தில் வருத்தம் இருக்காது. அடுத்த வாரம் இருக்கிறதே.

"இன்னும் எத்தன வாரம்டி அந்தப் பைய பாத்துக்கிட்டு இருக்கப் போற?" என்று சாயோ கேட்டாள். "சொல்லித் தொலை. உனக்கு வாய் எதுக்கு இருக்கு, லிப்ஸ்டிக் போடவா?"

"எனக்கு மட்டும் தெரியுமா என்ன? இருந்தாலும் இருக்கலாம்ல?"

"போன வருஷம் உனக்குத் தெரிஞ்சுதே. அந்தக் குழந்தைக்கும் தெரிஞ்சுதே."

சாயோ அந்தப் பேச்சை எடுத்தாலே அம்பாரோ புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுக்குகளுக்குள் போய்விடுவாள்.

செப்டம்பரில் நோயெமிக்குப் போன் வந்தது. பாலைவனத்தில் தண்ணீர் வைக்கப் போகிற தன்னார்வலர்கள் ஒரு புதருக்குக் கீழே அவனைக் கண்டெடுத்திருந்தார்கள். பெல்ட், பல், பிறகு எலும்புப் பரிசோதனை, எல்லாம் ஒத்துப்போனது. இறந்து இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார்கள். போன் பண்ணிவிட்டு நடக்கத் தொடங்கிய அந்த வாரமே முடிந்திருக்கிறான். நோயெமி பேருந்து ஏறித் தனியாகப் போய், ஒரு சின்னப் பெட்டியோடு திரும்பி வந்து, அலமாரியின் மேல்தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் வைத்தாள். மகளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி அம்பாரோ படையல் படிகளுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தபோது நோயெமி கறுப்புச் சட்டையில் வந்தாள். படத்தை நீட்டினாள். மஞ்சள் சீட்டும் இருந்தது. பேனாவில் எழுதி, அவளே கையெழுத்துப் போட்டது.

"வைங்க தோன்யா. இப்ப வைக்கலாம்."

அம்பாரோ அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று அழுதார்கள். பிறகு அம்பாரோ படத்தை நடுப்படியில் வைத்தாள்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"முடியல. நானும் ஆறு வாரமா வாயத் தொறக்கறேன், வேற ஏதோதான் வருது." நோயெமி மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சொல்லுங்க. போன தடவையும் நீங்க சொல்லித்தானே நம்பினா."

அம்பாரோ பதில் சொல்வதற்குள் பள்ளி பஸ் வந்து நின்றது. யாரேலி ஓடிவந்தாள். அம்மாவை அந்த நேரத்தில் பார்த்த சந்தோஷத்தில் கையை ஆட்டினாள். பிறகு மேசையைப் பார்த்தாள். கிட்டே போய்ப் படத்தைச் சட்டென்று எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தோன்யா, இத யாரு இங்க வச்சது? அம்மா பாத்தா அவ்வளவுதான்!"

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். போன வருஷம்போல அம்மா கத்துவாள் என்று காத்திருந்தாள். நோயெமி கத்தவில்லை. நின்ற இடத்தை விட்டு அசையவும் இல்லை.

"கண்ணு" என்றாள் அம்பாரோ. இந்தத் தடவை முழங்காலிடவில்லை. அதற்கான தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது. "அப்பா செத்துட்டாரு. இப்ப இல்ல, ரொம்ப முன்னாடியே. நீ படத்த கொண்டுவந்தப்பவே அவரு இல்ல. நீ சொன்னதுதான் சரி. நான் உன் வீட்டுக்கு வந்து சொன்னது பொய்."

யாரேலி அழவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "தண்ணிய தொறந்து விட்டுட்டு பாத்ரூம்ல ஒரு வாரம் அழுதேன். அம்மாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு. அப்புறம் அழுகை வரல. முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம்தான் படத்த எடுத்துட்டு உங்ககிட்ட வந்தேன்."

நோயெமி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நீங்கதான் வந்து இருக்காருன்னு சொன்னீங்க. நான் பல்ல பத்திக் கேட்டேன். அதுக்கும் ஏதோ சொன்னீங்க." படத்தைப் பழைய இடத்திலேயே வைத்தாள். கோணலாக இருந்ததை நேராக்கினாள். "இப்ப மறுபடியும் மொதல்லேர்ந்து அழணுமா, தோன்யா?"

"ஆமா கண்ணு" என்றாள் அம்பாரோ.